எந்த நாலு பேர்?

கண்ணு,

நீ எழுதிய நாலு வரிக் கடுதாசி வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் பம்பாயிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறாய், மூன்று வருஷ ஒப்பந்தம், குழாய் வேலை, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான் அதில் இருந்தது. கப்பலிலா பிளேனிலா என்றுகூட எழுதவில்லை. உன் அம்மா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வந்துட்டுப் போறேன்னு ஒரு வார்த்த இல்லியே" என்றாள். ஒருவேளை பின்பக்கம் எழுதியிருப்பாயோ என்று திருப்பிப் பார்த்தேன். வெறும் தாள். நானும் ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து ஆசீர்வாதத்தில் முடித்தால் நடுவில் இருப்பதை நீ படிக்கவே மாட்டாய் என்று தெரியும். அதனால் அந்த இரண்டையும் விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை, இன்னும் சிலர் காதிலும் விழவேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, கழன்றிருக்கும் இரும்பு ஆப்புகளைச் சுத்தியால் அடித்து இறுக்கிக்கொண்டே போய்த் திரும்புகிற கீமேன் வேலை. வாழ்க்கையில் பாதியை அதில் நடந்தே கழித்தேன். இப்போது முழங்கால் இரண்டும் பேச்சுக் கேட்பதில்லை. நான் நடந்த வழியெல்லாம் தொழிற்சாலைக் கொட்டகைகள் எழும்பிவிட்டன. அறுப்புக்குப் போன நம் தெருக்காரர்கள் சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போகிறார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு உடம்பு அசதி ஒன்றும் பெரிதில்லை. செய்த காரியங்கள் ஒவ்வொன்றாக வந்து எதிரே உட்கார்ந்துகொள்கின்றன, அதுதான் பெரிய அசதி. நான் சரி, நான் சரி என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்துவிட்டேன்.

அந்தப் பாட்டுப்பெட்டி நினைவிருக்கிறதா? எப்போதோ ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் சபைக்கு விட்டுப்போன, கையால் சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோன். ஆலயத்தில் மழைக்கு ஒழுகும் என்று, ஆர்மோனியம் வாசிக்கிறவன் வீட்டில் இருக்கட்டும் என்று நம் வீட்டில் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கீர்த்தனை ரெக்கார்டு போடுவதைத் தவிர அதைத் தொடக்கூடாது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். நீ மெட்ராஸுக்குத் தொழில் படிக்கப் போய்வந்துகொண்டிருந்த காலம். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையிலிருந்து கறுப்பாக, கனமாக ஒரு அரக்கு ரெக்கார்டைக் காக்கித் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாய். இங்கிலாந்துக்காரப் பையன்கள் நாலு பேர் பாடியது. அந்த நாலு பேர் பெயரை உலகத்தில் தெரியாதவர்கள் இல்லை என்று சொன்னாய். நம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த நாயுடு, தன் கடை ரேடியோவிலும் சிலோனிலிருந்து அந்தப் பாட்டு வருவதாகச் சொல்லி, "பாட்டு ஜோரா கீது. தலைமயிருதான் பேஜாரு" என்று தீர்ப்புச் சொன்னார். சபை மூப்பர் ஞானமுத்து, "ஊளை உடறானுங்க. இதுக்கு நம்ம ஊரு நரி தேவலாம்" என்றார். போதகர் அதைப் பாட்டு என்றே ஒத்துக்கொள்ளவில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்தபடியே, "பாவம்டா, இன்னாத்தையோ தொலைச்சிட்டுத் தேடறா மாரி பாடுறானுங்க" என்றாள். நீ மட்டும், இவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் கிடையாது என்று அடித்துச் சொன்னாய். என்னைக் கேட்டபோது, "சத்தம்" என்றேன். ஒரே வார்த்தை. டூட்டி முடிந்து வந்து முகத்தில் துண்டைப் போட்டுக் கட்டிலில் படுத்திருப்பேன். தூங்குகிறேன் என்று நினைத்து மெதுவாகப் பாட்டை வைப்பாய். நான் தூங்கவில்லை. ஒரு நாளும் தூங்கவில்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பிடித்திருந்தது என்றால் அதைச் சொல்வதற்கு என்ன கேடு என்று நீ கேட்கலாம். நான் யார் மகன் என்று உனக்குத் தெரியும். என் நைனா அடுத்தவன் நிலத்தில் குனிந்தே இருந்துவிட்டுப் போனவர். நிலத்துக்காரர் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அவர் மகன் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சபை முழுக்கப் பார்க்க, முன்னால் முக்காலியில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தான். அந்த முக்காலி எனக்கு முக்காலி இல்லை. அதில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும்தான் நான் ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அதனால்தான் எதற்கெடுத்தாலும் நாலு பேர் என்ன சொல்வார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றே வாழ்ந்தேன். நீ தலைமயிரை வெட்டாமல் நெற்றி மறைய விட்டபோதும் அதையேதான் கேட்டேன்.

ஆலயத்துக்குக் கிளம்பும் நேரம். உன் அம்மா தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் கத்தரிக்கோலோடு நின்றேன்.

"இப்படியே வந்து நின்னா நாலு பேரு இன்னாடா பேசுவாங்க?"

"எந்த நாலு பேரு நைனா?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பத்திரிகையில் வெட்டிய படத்தை எடுத்து நீட்டினாய். அதில் நெற்றி மறைய முடி வைத்த அந்த நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இவங்களா? இவங்க ஒண்ணும் பேசமாட்டாங்க."

உன் அம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சத்தியமாக வந்தது. நான் உன்னை அறைந்தேன். நல்ல கேலி. பதிலுக்கு என்னிடம் கேலி இல்லை, கைதான் இருந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, அந்த நாலு பேரில் ஒருவன் யேசுவோடு தங்களை ஒப்பிட்டு ஏதோ வாய்த்துடுக்காகப் பேசிவிட்டான், அமெரிக்காவில் ரெக்கார்டுகளைக் குவித்துக் கொளுத்துகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. போதகர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். "நம்ம சபைப் பெட்டியிலயே அது பாடுதாமே" என்று பெயர் சொல்லாமல் சொன்னார். மூப்பர் ஞானமுத்து திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஆர்மோனியக் கட்டைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய், பெட்டியின் மேல் இருந்த ரெக்கார்டை எடுத்து ஆட்டுக்கல்லில் அடித்தேன். நாலாக உடைந்தது என்று எழுதினால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அது எண்ணவே முடியாதபடி உடைந்தது. பெட்டியிலிருந்த ஊசியை மட்டும் கழற்றி, துடைத்து, தகர டப்பாவில் போட்டு மூடினாய். அது சபை ஊசி என்பதால். அதற்குப் பிறகு தலைமயிரையும் நீயே போய் வெட்டிக்கொண்டு வந்தாய். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் சுத்தியால் ஒரு அடி, வலது பக்கம் ஒரு அடி, நடுவில் நாலு எட்டு. அந்தத் தாளத்துக்கு உள்ளேயிருந்து ஒரு மெட்டு கிளம்பி வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, நடையும் லேசாக இருந்தது. எனக்கு அதற்கு முன்னால் ஒரு மெட்டும் வந்ததில்லை. அடுத்தவர் மெட்டை வாசிப்பவன்தானே நான். வரப்பில் உட்கார்ந்து அங்கேயே வார்த்தை போட்டேன். 'தொழுவிலே பிறந்த தூயவனே, துணை வாரும், துணை வாரும்.' கர்த்தர் எனக்கென்று கொடுத்தார் என்று நம்பினேன். மனமறிந்து திருடவில்லை கண்ணு. அதை மட்டும் நீ நம்பவேண்டும். துண்டுக்கடியில் கேட்டதெல்லாம் எனக்குள் எங்கோ தங்கிவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது நீ இரண்டாவது வரிசையில் நின்றாய். முதல் தடவை வாசித்ததும் உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பாட்டு உருக்கிவிட்டது என்று பெருமைப்பட்டேன். உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இரண்டாவது 'துணை வாரும்' வருகிற இடத்தில் நான் கீழே இறங்குவேன். எல்லோரும் என்னோடு இறங்குவார்கள். நீ மட்டும் மேலே போவாய். மூன்று தடவை நிறுத்தினேன்.

"அந்த எடத்துல மேல போவும் நைனா" என்றாய், மெதுவாக.

"உனக்கு எப்புட்றா தெரியும்? எனக்குக் குடுத்த மெட்டு இது."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். மறுபடியும் அந்த இடம் வந்தபோது மறுபடியும் மேலே போனாய். வேண்டுமென்று செய்ததில்லை, உன்னால் வேறு மாதிரி பாட முடியவில்லை. நான் தாளம் போடுகிற குச்சியால் உன் விரல் முட்டியில் அடித்தேன், எல்லோர் முன்னாலும். அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போது மட்டும் நீ வாயை அசைத்துக்கொண்டு சும்மா இருப்பாய். அது எனக்குக் கேட்டது. குழுவில் ஒரு குரல் குறைந்தால் ஆர்மோனியக்காரனுக்குக் கேட்கும்.

கிறிஸ்துமஸ் காலையில் அந்தப் பாட்டைப் பாடினோம். சபை எழுந்து நின்றுவிட்டது. போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். தண்டவாளத்தில் நடந்துபோன பாவிக்குக் கர்த்தர் கொடுத்த மெட்டு என்று அழுதுகொண்டே சொன்னேன். நீ இரண்டாவது வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே முடிந்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "இத நம்ம ஊட்டுலயே கேட்டா மாரி கீதே" என்றாள். அவளை முறைத்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டே, "நல்லா இருந்திச்சி நைனா" என்றாய். நான் உடைத்ததை என் கையாலேயே திரும்ப ஒட்டிக்கொண்டேன் என்று உனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்திருக்குமோ என்னவோ. அதை நீதான் சொல்லவேண்டும்.

கோடையில் திருவள்ளூரில் நடந்த கன்வென்ஷனுக்கு ஊத்துக்கோட்டை வரைக்கும் உள்ள சபைகளெல்லாம் வந்தன. நாம் அந்தப் பாட்டைப் பாடினோம். மெட்ராஸிலிருந்து வந்த காலேஜ் பையன் ஒருவன் பந்தல் ஓரத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். போதகர் போய் என்னவென்று விசாரித்தார். அது அந்த நாலு பேர் பாடிய மெட்டு என்று அவன் சொல்லிவிட்டான். திரும்பி வருகிற பஸ்ஸில் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் உட்கார்ந்தார்கள். பாடகர் குழுவையும் இருக்கச் சொன்னார்கள். மூப்பர் ஞானமுத்துதான் கேட்டார். "தேவனை இகழ்ந்தவன் பாட்ட ஆலயத்துல ஏத்தியிருக்கியே. தெரிஞ்சி செஞ்சியா, தெரியாம செஞ்சியா?" தெரியாமல்தான் செய்தேன், என் காதில் விழுந்தது எனக்கே தெரியாமல் வந்துவிட்டது என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், அந்தப் பாட்டை வீட்டில் படுத்துக்கொண்டு ரசித்துக் கேட்டேன் என்றும் சொல்லவேண்டியிருக்கும். கர்த்தர் கொடுத்தார் என்று அழுத அழுகை என்னாவது? முக்காலி கண் முன்னால் ஆடியது. நான் வாயைத் திறந்தேன்.

"எம் புள்ளதாங்க சொல்லிக் குடுத்தான். பாதிரியாரு காலத்துப் பாட்டுன்னான். நான் நம்பிட்டேன்."

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். "இவ்வளவுதானா நைனா" என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு நீ அவர்கள் பக்கம் திரும்பி, "ஆமாங்க. நான்தான் சொன்னேன்" என்றாய்.

ஆறு மாதம் உனக்குத் திருவிருந்து கிடையாது, பாடகர் குழுவிலும் இடம் கிடையாது, ஆராதனையில் கடைசி வரிசையில்தான் நிற்கவேண்டும் என்றார்கள். நீ ஒரே ஒரு ஞாயிறு அங்கே போய் நின்றாய். முன்னால் உட்கார்ந்து வாசித்த எனக்கு முதுகெல்லாம் எரிந்தது. அடுத்த வாரம் நான் தண்டவாளத்தில் இருந்தபோது மெட்ராஸ் பாசஞ்சர் வந்தது. விதிப்படி ஓரமாக விலகி நின்றேன். ஜன்னலில் நீ உட்கார்ந்திருந்தாய், மடியில் அம்மாவின் தகரப்பெட்டி. நீ கை காட்டவில்லை. நான் சுத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டி போன பிறகும் நின்றேன். அன்றைக்குத்தான் வேலையில் முதல் தடவையாகப் பாதியில் திரும்பி வந்தேன்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு தடவை வந்தாய். இரண்டு தடவையும் ஞாயிறு வருவதற்குள் கிளம்பிவிட்டாய். நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்று போட்ட தடை இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. பெண்கள் நாற்று நடும்போது பாடினார்கள், பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டும்போது பாடினார்கள். போதகர் மாற்றலாகிப் போனார், புதிதாக வந்தவர் இதென்ன நல்ல பாட்டாக இருக்கிறதே என்று மறுபடியும் ஆலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். மூப்பர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. உனக்குத்தான் யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதை நான்தான் வாசிக்கிறேன். வாசித்து முடித்தால் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டை வாங்கி வாங்கித்தான் இப்படிக் களைத்துப் போனேன்.

உன் கடுதாசி வந்த மறுவாரம் மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து, பழைய ரெக்கார்டு விற்கிற கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். "அந்த நாலு பேரு பாடின ரெக்கார்டு வேணும்பா" என்றேன். கடைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எந்த நாலு பேரு பெரியவரே?" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அதே கேள்வி. இந்தத் தடவை என் கையில் கத்தரிக்கோல் இல்லை. இங்கிலாந்துக்காரர்கள், தலைமயிர் இப்படி இருக்கும் என்று நெற்றியில் கையை வைத்துக் காட்டினேன். பாட்டுப் பெயர் கேட்டார், தெரியவில்லை. அந்த ஜனக்கூட்டத்தின் நடுவில் நின்று, தொழுவிலே பிறந்த தூயவனே மெட்டை வாய்விட்டுப் பாடினேன். இரண்டு வரி முடிவதற்குள் சிரித்துக்கொண்டே எழுந்து போய், தூசி தட்டி, அதே கறுப்பு ரெக்கார்டைக் கொண்டுவந்து வைத்தார். "அவங்களே பிரிஞ்சி வருசக் கணக்காவுது. ஒருத்தருக்கொருத்தரு மனஸ்தாபமாம். நீ இப்பதான் வர்றியா?" என்றார். ஆமாம் என்றேன்.

பெட்டி இன்னும் ஓடுகிறது. நீ துடைத்துப் போட்ட டப்பாவில் ஊசியும் இருந்தது. உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, முகத்தில் துண்டு போடாமல் கேட்டேன். பொய் சொல்லமாட்டேன், பின்பக்கத்துப் பாட்டு எனக்கு இப்போதும் சத்தம்தான். அதில் நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம், சண்டை போடுவதானால் வந்து போடு. ஆனால் முன்பக்கத்துப் பாட்டில் அந்த இடம் வந்தது. இரண்டாவது 'துணை வாரும்' இருக்கிற இடம். அவர்கள் கீழே இறங்கவில்லை. மேலே போனார்கள். ஊசியை எடுத்து எடுத்து அந்த இடத்துக்குச் சற்று முன்னால் வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் மேலேதான் போனார்கள். உன் அம்மா, "அதத்தானே புள்ள அன்னிக்கே சொன்னான்" என்றாள். நான் உன் விரலை அடித்தது அவளுக்கும் மறக்கவில்லை. அது எந்த விரல் என்றுகூட அவளுக்கு நினைவிருக்கிறது.

இந்த மாதிரிக் கடிதத்தில் அப்பன்மார் புத்திமதி எழுதுவார்கள். என்னிடம் அதிகம் இல்லை. உனக்கென்று பிள்ளைகள் வந்து, அவர்கள் எதையாவது ஆசையாகக் கொண்டுவந்து காட்டினால், பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடு. பிடிக்காவிட்டால் அதையும் சொல்லிவிட்டு, கையை மட்டும் கட்டிக்கொள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதிக்கொண்டிருப்பது சனிக்கிழமை. நான் சபைக்கு நடுவில் சொன்ன பொய்யை வீட்டுக்குள் உட்கார்ந்து கடிதத்தில் ஒத்துக்கொண்டால் பாதிதான் ஒத்துக்கொண்ட மாதிரி. நாளைக்கு ஆராதனை முடிந்ததும் இதை எல்லோருக்கும் படித்துக்காட்டப் போகிறேன். அதனால்தான் உனக்கு மட்டும் எழுதவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். பயமாக இருக்கிறது. இந்த வயதிலும் அந்த முக்காலி மேல்தான் கண் போகிறது.

இன்று ஞாயிறு. படித்துவிட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். பின்னால் நின்ற இளைஞர்களில் பாதிப்பேருக்கு அந்த நாலு பேர் யாரென்றே தெரியாது. புதுப் போதகர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வேதப் புத்தகத்தைத் திறந்து திறந்து மூடினார். மூப்பர் ஞானமுத்துதான் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்யா" என்றார். "கிறிஸ்மஸ்ல கர்த்தர் குடுத்தாருன்னு அழுத. கோடையில புள்ள குடுத்தான்னு சொன்ன. ரெண்டும் எப்படி நெசமாவும்? உன்ன நிறுத்திட்டா ஆர்மோனியப் பொட்டி வாசிக்க வேற ஆளு இல்ல. புள்ளைங்க நெறைய கீதுங்க, ஒண்ணு போனா போவட்டும்னு உட்டுட்டோம். அவனாண்ட நானும் மன்னிப்பு கேக்கணும்."

என் பொய் ஒருவரையும் ஏமாற்றவே இல்லை. எந்த நாலு பேருக்குப் பயந்து உன்னைக் காட்டிக்கொடுத்தேனோ அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து, தெரிந்தேதான் உன்னை அனுப்பியிருக்கிறோம்.

பிறகு யாரோ அந்தப் பாட்டைப் பாடலாமே என்றார்கள். நான் போய் முக்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்துக்கொண்டே நானும் பாடினேன். இரண்டாவது 'துணை வாரும்' வந்தது. பழக்கத்தில் விரல் கீழே போகப் பார்த்தது, பிடித்து மேலே கொண்டுபோனேன். சபை முழுக்க எப்போதும் போலக் கீழே இறங்கிவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நான் மட்டும் மேலே நின்றேன். கிழட்டுக் குரல், நடுங்கியது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அங்கே தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது கண்ணு. கப்பலோ பிளேனோ, ஏறுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு இங்கே இருக்கிற மாதிரி வா.

உன் நைனா